வெள்ளைக்கு மேல ஒரு வெள்ளை: கேம்ல எச்டிஆர்னா என்ன?

இந்த எபிசோட் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்டுக்கான பதில். புதுசா ஒரு மானிட்டர் வாங்கியிருக்கார். பெட்டி மேல பெருசா எச்டிஆர்னு ஸ்டிக்கர். வீட்டுக்கு வந்து விண்டோஸ்ல எச்டிஆரை ஆன் பண்ணதும் கேம் மொத்தமும், பத்து தடவை துவைச்சுச் சாயம் போன டிஷர்ட் மாதிரி வெளிறிப் போச்சாம். "ஆஃப் பண்ணா நல்லா இருக்கு, ஆன் பண்ணா கேவலமா இருக்கு. நான் ஏமாந்துட்டேனா?"ன்னு கேட்டிருக்கார்.

பாதி ஏமாந்திருக்கீங்க, பாதி செட்டிங்ஸ் பிரச்சினை. ஆனா அதைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு குழப்பத்தைப் பிரிச்சாகணும். எச்டிஆர்ங்கிற அதே மூணு எழுத்து, ரெண்டு வேற வேற விஷயத்துக்குப் பேரா இருக்கு. ஒண்ணு கேமுக்குள்ளே வெளிச்சத்தைக் கணக்குப் போடற விதம். அது 2004, 2005லயே வந்துடுச்சு. உங்ககிட்ட சாதாரண மானிட்டர் இருந்தாலும், இன்னிக்கு நீங்க ஆடுற முப்பரிமாண கேம்கள்ல பெரும்பாலானதுல அது ஓடிட்டுதான் இருக்கு. இன்னொண்ணு ஸ்கிரீன் சம்பந்தப்பட்டது. அது வீட்டு கன்சோலுக்கு வந்தது 2016ல. முதல் விஷயம் புரிஞ்சா ரெண்டாவது தானா புரியும். அதனால பழைய கதையில இருந்து ஆரம்பிப்போம்.

மதியக் காட்சி பார்த்துட்டு தியேட்டர் கதவைத் திறந்து வெளியே வரீங்க. ரெண்டு மூணு செகண்டுக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாமே வெள்ளை. அப்புறம் மெதுவா பார்க்கிங், பைக், டீக்கடைன்னு ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிக்கும். இங்க நடக்கிறது என்னன்னா, உச்சி வெயில்ல தரையில விழுற வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். ராத்திரி லைட் போட்ட ஒரு அறையில சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். பௌர்ணமி நிலவொளி கால் லக்ஸ் அளவுதான். இந்த எல்லா நிலையிலயும் நம்ம கண் வேலை செய்யுது, ஆனா ஒரே நேரத்துல இல்ல. ஏதாவது ஒரு பகுதிக்கு ஏத்த மாதிரி தன்னை நகர்த்திக்குது. அந்த நகர்வுக்கு எடுக்கிற நேரம்தான் தியேட்டர் வாசல்ல நாம கண்ணைச் சுருக்கிட்டு நிக்கிற நேரம்.

சாதாரண ஸ்கிரீனுக்கு இந்த வசதி கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 255 வரைக்கும் 256 படிகள். அவ்வளவுதான். பழைய கேம்கள் கணக்கையே அந்த ஸ்கிரீனோட எல்லைக்குள்ளே வச்சுதான் போட்டுச்சு. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 1. சூரியனும் 1, டியூப்லைட்டும் 1, வெயில்ல நிக்கிற சுண்ணாம்புச் சுவரும் 1. ஒண்ணுக்கு மேல எந்த எண் வந்தாலும் வெட்டிடுவாங்க.

ஸ்கிரீன்ல அதுக்கு மேல காட்டவே முடியாதே, வெட்டினா என்ன குறைஞ்சிடப் போகுது? இந்தக் கேள்வி நியாயமானது. இதுக்குப் பதில் தெரிஞ்சா பாதி விஷயம் முடிஞ்சுது.

கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு அந்தச் சுவரையும் சூரியனையும் பார்க்கறதா வச்சுக்கோங்க. பார்க்கச் சொல்லலை, கற்பனைதான். கண்ணாடி பத்துல ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுது. நிஜத்துல சுவர் மங்கிடும், சூரியன் அப்பவும் கண்ணைப் பறிக்கும். ஏன்னா சூரிய வட்டம் வெயில்ல இருக்கிற வெள்ளைச் சுவரை விடப் பல ஆயிரம் மடங்கு பிரகாசம். பழைய கேம் கணக்குல ரெண்டும் 1. பத்துல ஒரு பங்குன்னா ரெண்டும் 0.1. சூரியனும் சுவரும் ஒரே மங்கல் சாம்பல் நிறத்துல வந்து நிக்கும்.

தண்ணியில இது இன்னும் மோசம். நேர் மேலே இருந்து பார்த்தா தண்ணி தன் மேல விழுற வெளிச்சத்துல சுமார் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். பழைய கணக்குல சூரியனோட பிரதிபலிப்பு 0.02, அதாவது கிட்டத்தட்ட கறுப்பு. சூரியனுக்கு 1,000னு எண் கொடுத்திருந்தா அதே பிரதிபலிப்பு 20. ஒண்ணை விட இருபது மடங்கு, தகதகன்னு மின்னும். அந்தக் காலத்து கேம்ல தண்ணி மேல வெயில் மின்னிச்சுன்னா, பெரும்பாலும் யாரோ ஒரு ஆர்ட்டிஸ்ட் கையால ஒட்டின பளபளப்பு அது.

அதாவது வெளிச்சம் நேரா ஸ்கிரீனுக்கு வரது இல்ல. கண்ணாடி, தண்ணி, பனிமூட்டம், பாலிஷ் போட்ட தரைன்னு எது எதுலயோ பட்டு, குறைஞ்சு, சிதறிதான் வருது. முதல் இடத்துலயே வெட்டிட்டா, அடுத்தடுத்த எல்லாக் கணக்கும் தப்பு. எச்டிஆர் லைட்டிங்கோட மொத்தச் சாரமும் இதுதான்: ஒண்ணுக்கு மேல எண் வரட்டும், விடு. எது வெள்ளைங்கிற முடிவைக் கடைசி நிமிஷம் வரைக்கும் எடுக்காதே.

இந்த யோசனை கேம் உலகத்துல பிறந்தது இல்ல. 1997ல பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. ஒரே காட்சியைப் பல எக்ஸ்போஷர்ல படம் எடுத்து, அதையெல்லாம் சேர்த்து, அங்க நிஜமா இருந்த வெளிச்ச அளவை மீட்டு எடுக்கிற முறை. உங்க போன் கேமராவுல இருக்கிற எச்டிஆர் மோடும் இதே குடும்பம்தான். அப்புறம் டெபெவெக், இப்படிப் பிடிச்ச நிஜ வெளிச்சத்தை வச்சே கம்ப்யூட்டர்ல செஞ்ச பொருட்களுக்கு ஒளி கொடுத்துக் காட்டினார். சினிமா எஃபெக்ட்ஸ் ஆட்கள் அதை உடனே பிடிச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கு ஒரு ஃபிரேமுக்கு மணிக்கணக்குல நேரம் இருக்கு. கேம் விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடணும்னா ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கிறது 16.7 மில்லி செகண்ட்.

அதோட மெமரி பிரச்சினை வேற. சாதாரண முறையில ஒரு பிக்சலுக்கு 4 பைட் போதும். ஒண்ணுக்கு மேல எண் வரணும்னா 16 பிட் ஃப்ளோட் வேணும், பிக்சலுக்கு 8 பைட். அதுல 65,504 வரைக்கும் எண் வைக்கலாம், நம்ம வேலைக்கு அது தாராளம். ஆனா 1920க்கு 1080 ஸ்கிரீன்ல ஒரு ஃபிரேம் சுமார் 8 எம்பியில இருந்து 16 எம்பிக்கு மேல போயிடும். கிராபிக்ஸ் கார்டு அதையே ஒரு ஃபிரேமுக்குள்ள திரும்பத் திரும்ப எழுதிப் படிக்கணும்.

2004ல ஃபார் க்ரைக்கு வந்த ஒரு பேட்ச், அப்போ புதுசா இருந்த ஜீஃபோர்ஸ் 6 கார்டுகள்ல இந்த முறையைக் கொண்டு வந்துச்சு. ஆனா அந்தக் கார்டுகளால இந்தப் பெரிய எண்களையும் ஆன்டி-அலையாசிங்கையும் ஒரே நேரத்துல கையாள முடியாது. வெளிச்சம் அழகா வேணுமா, ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியாம வழவழன்னு வேணுமா, ஒண்ணைத் தேர்ந்தெடு. 2006ல ஒப்லிவியன் வந்தப்பவும் நிறைய பேருக்கு அதே தலைவலிதான்.

இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுக்கு நடுவுல வருது. 2005 அக்டோபர் 27ல வால்வ் நிறுவனம் ஹாஃப்-லைஃப் 2 வச்சிருந்தவங்களுக்கு லாஸ்ட் கோஸ்ட்னு ஒரு குட்டி லெவலை இலவசமா கொடுத்தாங்க. கடற்கரையில ஆரம்பிச்சு, செங்குத்தான பாறையில ஏறி, மேலே இருக்கிற ஒரு பழைய மடாலயத்துக்குள்ளே போகணும். அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். கதைன்னு பெருசா ஒண்ணும் இல்ல. அது மொத்தமுமே எச்டிஆரைக் காட்டறதுக்காகக் கட்டின செட். கடல், ஈர மணல், வெயில் பட்ட பாறை, இருட்டான பிரார்த்தனை மண்டபம், வண்ணக் கண்ணாடி ஜன்னல். ஒவ்வொண்ணும் வெளிச்சத்தை ஒவ்வொரு விதமா திருப்பி அனுப்புது. போற வழியில குமிழி மாதிரி மிதக்கிற ஐகானை அமுக்கினா, கேமை உருவாக்கினவங்களே வந்து அந்த இடத்துல என்ன பண்ணாங்கன்னு பேசுவாங்க. வால்வ் கேம்கள்ல அந்த கமென்டரி முறை ஆரம்பிச்சதும் இதுலதான்.

அவங்க பண்ண தந்திரம் என்னன்னா, ஸ்கிரீன் முழுக்கப் பெரிய எண்களைச் சேமிச்சு வைக்கவே இல்ல. வானம், சுவர் மேல முன்கூட்டியே கணக்குப் போட்டு வச்ச வெளிச்சம், பிரதிபலிப்புப் படங்கள், இதுலெல்லாம் மட்டும் பெரிய எண்கள் இருக்கும். ஒவ்வொரு பிக்சலோட கணக்கும் முடியற அந்தக் கடைசி வரியில, "இப்போ கண் எந்த அளவுக்குத் திறந்திருக்கு"ங்கிற ஒரு எண்ணால பெருக்கி, அப்பவே சாதாரண 8 பிட்டுக்குச் சுருக்கி எழுதிடுவாங்க. அதனால ஆன்டி-அலையாசிங்கும் வேலை செஞ்சுது, ஜீஃபோர்ஸ் 6 தலைமுறைக்கு முந்தைய கார்டுகள்லயும் ஓடிச்சு.

சரி, கண் எந்த அளவுக்குத் திறந்திருக்கணும்னு யார் சொல்றது? முந்தைய ஃபிரேம்களைப் பார்த்து கேமே முடிவு பண்ணும். ஸ்கிரீன்ல இருக்கிற பிக்சல்களைப் பிரகாச வாரியா பிரிச்சு எண்ணணும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் 90க்கு மேல எத்தனை பேர், 80க்கு மேல எத்தனை பேர்னு டீச்சர் எண்ணுற மாதிரி. மொத்தத்தையும் ஒரே ஃபிரேம்ல எண்ணுறது அந்தக் காலத்துக் கார்டுக்குச் சுமை. அதனால ஒரு ஃபிரேமுக்கு ஒரு பிரிவு மட்டும் எண்ணினாங்க. பத்து, பதினஞ்சு ஃபிரேம்ல முழு ரிசல்ட்டும் கையில. தாமதம் ஆகுமேன்னு தோணும். ஆனா கண்ணும் தாமதமாத்தானே பழகுது, அதனால யாருக்கும் வித்தியாசம் தெரியல. கஷ்டத்தையே வசதியா மாத்திக்கிட்ட இந்த வேலையை நான் ரொம்ப மதிக்கிறேன்.

ஆனா தானா பழகுற கண்ணுக்கு ஒரு ஆபத்தும் இருக்கு. அது சராசரியை நம்பி வாழுது. பனி மூடின மலையைப் பார்த்தா "ஐயோ ரொம்ப வெளிச்சம்"னு இறக்கிடும், பனி சாம்பலாயிடும். இருட்டான குகைக்குள்ளே போனா "ரொம்ப இருட்டு"ன்னு ஏத்திடும், பயமே போயிடும். ஹாரர் கேம்ல இருட்டு இருட்டாவே இருக்கணும் இல்லையா? அதனால வால்வோட சோர்ஸ் எஞ்சின்ல, இந்த மேப்புல கண் இவ்வளவுக்கு மேல திறக்கக் கூடாது, இவ்வளவுக்குக் கீழே மூடக் கூடாதுன்னு லெவல் டிசைனரே எல்லை போடற வசதி இருக்கு. போட்டி கேம்கள்ல இது நேரடியா வெற்றி தோல்வி விஷயம். வெயில்ல நிக்கிறவனுக்குக் கதவுக்கு உள்ளே கும்மிருட்டு. உள்ளே பதுங்கி இருக்கிறவனுக்கு வாசல்ல வந்து நிக்கிற ஆள் பளிச்சுன்னு தெரியும். நிஜத்துலயும் அப்படித்தான், ஆனா நிஜமா இருக்குங்கிறதுக்காக நியாயமா இருக்கும்னு இல்ல. ஒரு லெவல் டிசைனர் இதுல எந்தப் பக்கம் சாய்வாரோ அதைப் பொறுத்துதான் நீங்க செத்துப் போறதும் பிழைக்கிறதும்.

ப்ளூம் பத்தி ஒரு வார்த்தை. பிரகாசமான இடத்தைச் சுத்தி வெளிச்சம் கசியுமே, அதுதான் ப்ளூம். அது எச்டிஆர் இல்ல. கண்ணுக்குள்ளயும் லென்ஸுக்குள்ளயும் ஒளி சிதறுறதோட நகல். எச்டிஆர் எண்கள் இருந்தா எந்த இடம் கசியணும்னு சரியா தெரியும், இல்லைன்னா வெள்ளையா இருக்கிற எல்லாமே கசியும். 2005ல இருந்து சில வருஷத்துக்கு வந்த பல கேம்கள்ல எல்லார் மூஞ்சியும் தேங்காய் எண்ணெய் தடவின மாதிரி மின்னுச்சே, அது இதோட விளைவு. எச்டிஆருக்கு அப்போ கெட்ட பேர் வந்ததுல பாதிப் பங்கு ப்ளூமோடதுதான்.

இப்போ கடைசிப் படி, டோன் மேப்பிங். 0ல இருந்து பல ஆயிரம் வரைக்கும் எண்கள் கையில இருக்கு, ஸ்கிரீனோ 0ல இருந்து 1 வரைக்கும்தான். எப்படிச் சுருக்கறது? வெறுமனே வெட்டினா என்ன ஆகும்னு ஒரு நெருப்பை வச்சுப் பார்ப்போம். ஆரஞ்சு நிறம், சிவப்பு 4, பச்சை 2, நீலம் 0.4. ஒண்ணுல வெட்டினா சிவப்பு 1, பச்சை 1, நீலம் 0.4. ஆரஞ்சு நெருப்பு பட்டையான மஞ்சளாயிடுச்சு! அதனால வெட்டாம, மேலே போகப் போக மெதுவா வளைக்கணும். 2002ல எரிக் ரைன்ஹார்டும் கூட்டாளிகளும் வெளியிட்ட முறையோட எளிய வடிவம் ஒரு வரிதான்: எண்ணை, அந்த எண்ணோட ஒண்ணு கூட்டி வகு. 1 வந்தா 0.5, 9 வந்தா 0.9, 99 வந்தா 0.99. எவ்வளவு பெரிய எண் வந்தாலும் ஒண்ணைத் தாண்டாது. அழகு. ஆனா படம் கொஞ்சம் சோகையா இருக்கும், அழுத்தம் இருக்காது.

அன்சார்ட்டட் 2ல வேலை செஞ்ச ஜான் ஹேபிள் 2010 ஜிடிசி மாநாட்டுல, ஃபிலிம் சுருள் வெளிச்சத்தை வாங்குற விதத்தைப் போலவே வளைவு போட்டதை விளக்கினார். கீழே இருட்டுப் பகுதி கொஞ்சம் அழுந்தும், மேலே வெளிச்சப் பகுதி இதமா மடங்கும். அதுக்கப்புறம் அந்த "சினிமா லுக்" கேம் உலகம் பூராவும் பரவிடுச்சு. இது பௌதிகம் இல்ல, ரசனை. ஒரே காட்சி, ஒரே வெளிச்சக் கணக்கு. வளைவை மாத்தினா காலை வேளை மத்தியானம் ஆகிடும்.

இப்போ நம்ம நேயரோட மானிட்டருக்கு வருவோம்.

மேலே சொன்ன அத்தனையும் முடியறது சாதாரண ஸ்கிரீன்ல. அந்த எஸ்டிஆர் தரத்துல படம் தயார் பண்றவங்க வச்சிருக்கிற அளவு 100 நிட் வெள்ளை. எச்டிஆர் ஸ்கிரீனுக்கான பிக்யூங்கிற சிக்னல் முறையில 10,000 நிட் வரைக்கும் எழுத இடம் இருக்கு. 2016ல எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் வந்துச்சு, அதே வருஷம் பிஎஸ்4க்கும் அப்டேட் வந்துச்சு. கேம் எஞ்சின்கள்கிட்ட பெரிய எண்கள் ஏற்கெனவே இருக்கறதால, இனிமே அவ்வளவு கடுமையா சுருக்க வேண்டாம், அப்படியே கொஞ்சம் தாராளமா டிவிக்கு அனுப்பலாம். பேப்பர்ல ரொம்ப சுலபம்.

நடைமுறையில? 2018ல ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 வந்தப்ப, உலகத்துலயே அழகான வெளிச்சக் கணக்கு உள்ள கேம்கள்ல ஒண்ணு அது. ஆனா எச்டிஆர் டிவியில பார்த்தவங்க, இது சாதாரண படத்தையே எச்டிஆர் கவர்ல போட்டுக் கொடுத்த மாதிரி இருக்குன்னு புகார் சொன்னாங்க. 2019ல ஒரு அப்டேட்ல "கேம்", "சினிமாட்டிக்"னு ரெண்டு எச்டிஆர் மோட் கொடுத்தாங்க. உள்ளே எச்டிஆர் இருந்தா வெளியே தானா வந்துடாதுங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

மானிட்டர் பக்கத்துல பிரச்சினை இன்னும் நேரடியானது. எச்டிஆர் ஆதரவுன்னு பெட்டியில போட, அந்த சிக்னலை வாங்கிப் புரிஞ்சுக்கிட்டாலே போதும். காட்ட முடியுமாங்கிறது வேற கேள்வி. வீசா அமைப்போட டிஸ்ப்ளே எச்டிஆர் 400ங்கிற முத்திரைக்கு லோக்கல் டிம்மிங் கட்டாயம் இல்ல. அது இல்லாத எல்சிடியில பின் லைட் மொத்தமா ஏறும், மொத்தமா இறங்கும். நட்சத்திரம் மின்னணும்னா ராத்திரி வானமும் சேர்ந்து வெளுக்கும். நேயர் பார்த்த வெளிறலுக்கு ஒரு காரணம் அனேகமா இதுதான்.

இன்னொரு காரணம் விண்டோஸ். எச்டிஆர் ஆன்ல இருக்கறப்ப சாதாரண கேமை அது தனக்குத் தெரிஞ்ச வளைவுல மாத்தி அனுப்புது. பெரும்பாலான மானிட்டர்கள் வழக்கமா காட்டற வளைவு அது இல்ல. விளைவா இருட்டுப் பகுதிகள் லேசா வெளுக்கும். அதனால எச்டிஆர் இல்லாத கேம் ஆடுறப்ப ஆஃப் பண்ணிடுங்க, அதுல தப்பே இல்ல.

மூணாவது காரணம் ரெண்டு தடவை சுருக்கறது. உங்க ஸ்கிரீன் 600 நிட்தான் காட்டும், கேம் 1,000 நிட்டுக்குத் தயார் பண்ணி அனுப்புதுன்னு வச்சுக்கோங்க. டிவி அதை வாங்கித் தன் பங்குக்கு மறுபடி வளைக்கும். ரெண்டு சமையல்காரரும் ஆளுக்கு ஒரு தடவை உப்பு போட்ட குழம்பு. கேம் ஆரம்பத்துல "இந்த லோகோ மறையற வரைக்கும் நகர்த்தவும்"னு ஒரு ஸ்லைடர் வருமே, அது இதுக்குத்தான். உங்க ஸ்கிரீன் எங்க முட்டி நிக்குதுன்னு கேமுக்குச் சொல்ற ஒரு வழி. நம்மள்ல பாதிப் பேர் அதை ஸ்கிப் பண்ணிடறோம். டிவியில எச்ஜிஐஜின்னு ஒரு மோட் இருந்தா அதைப் போட்டுட்டு அந்த ஸ்லைடரை நகர்த்துங்க. அந்த மோட்ல டிவி தன் பங்கு வளைவை நிறுத்திக்கும். கம்ப்யூட்டர்னா மைக்ரோசாஃப்ட்டோட விண்டோஸ் எச்டிஆர் கேலிப்ரேஷன் ஆப் இலவசம், ரெண்டு நிமிஷ வேலை. பேப்பர் ஒயிட்னு தனி ஸ்லைடர் இருந்தா, அது சாதாரண வெள்ளை எவ்வளவு பிரகாசமா இருக்கணுங்கிறது. இருட்டான அறையில 200 நிட் பக்கத்துல வச்சுட்டு உங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க.

இனிமே வாங்கப் போறவங்க ஸ்டிக்கரைப் பார்க்காதீங்க. லோக்கல் டிம்மிங் இருக்கா, எத்தனை பகுதிகளா பிரிச்சிருக்கு, இல்ல ஓலெடாங்கிறதைப் பாருங்க. ஓலெட்ல ஒவ்வொரு பிக்சலும் தனியா அணையும், கறுப்பு நிஜமான கறுப்பு. ஆனா ஸ்கிரீன் முழுக்க வெள்ளையானா பிரகாசம் இறங்கிடும். பட்ஜெட் அதுக்கு இடம் கொடுக்கலைன்னா நல்ல எஸ்டிஆர் மானிட்டரா வாங்கிக்கோங்க. டம்மி எச்டிஆருக்குக் கூடுதல் காசு கொடுக்காதீங்க.

உள்ளே நடக்கிற எச்டிஆரைப் பார்க்க எந்த மானிட்டரும் போதும். 2024 நவம்பர்ல 20ஆம் ஆண்டு அப்டேட் வந்ததுல இருந்து லாஸ்ட் கோஸ்ட் ஹாஃப்-லைஃப் 2க்கு உள்ளேயே இருக்கு, தனியா இறக்க வேண்டியதில்ல. மடாலயத்துக்குள்ளே போய் இருட்டான மூலையைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நில்லுங்க. அப்புறம் சட்டுன்னு திரும்பி வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் பாருங்க. அது முதல்ல பொங்கி வழியும், மெதுவா அடங்கும், அப்புறம்தான் கண்ணாடியில இருக்கிற நிறமெல்லாம் தெரிய ஆரம்பிக்கும்.